சொல்லிவைக்காத சிரிப்பு

முன்னொரு காலத்தில், அரசருக்கு வேலை குறைவாகவும் சந்தேகம் அதிகமாகவும் இருந்த ஒரு நாட்டில் சீனியப்பன் என்ற விகடகவி இருந்தான். அந்தச் சந்தேகங்களைத் தீர்த்துத் தீர்த்தே அவனுக்குத் தலை நரைத்துவிட்டது, பாவம்.

அன்று அவையில் கோமளவல்லி பாடினாள்; தாண்டவராயன் மிருதங்கம் வாசித்தான். அந்தந்தக் கணத்தில் மனதில் தோன்றுவதையே பாடி வாசிப்பவர்கள் என்று சொல்லி அவர்களை அழைத்து வந்தவன் சீனியப்பன்தான். பாட்டு எங்கெங்கோ சுற்றியது. கடைசியில் குரலும் மிருதங்கமும் ஒரே இடத்தில் வந்து நின்றன.

சீனியப்பனைக் கண்டாலே வயிறு எரியும் அமைச்சர் அறவாழி எழுந்தார். "மன்னா, பேசிவைக்காமல் இருவர் ஒன்றாக முடிக்க முடியுமா? இது ஒத்திகை பார்த்து வந்த ஏமாற்று."

அரசருக்குச் சுருக்கென்றது. "சீனியப்பா, முடியும் என்று இப்போதே நிரூபி. தவறினால் மூவரும் நாட்டை விட்டு வெளியேற வேண்டும்."

"அவர்களே மறுபடி வாசித்தால் அதுவும் ஒத்திகைதான். இசை அறியாதவர்களை வைத்து நிரூபிக்கட்டும்," என்றார் அமைச்சர்.

கோமளவல்லியின் முகம் வெளுத்தது. சீனியப்பனுக்கோ பயத்தைவிட அலுப்புதான் அதிகம் வந்தது. தாண்டவராயன் பக்கம் குனிந்து, "எப்படியப்பா சேர்ந்து முடிக்கிறீங்க?" என்றான்.

"அம்மா மூச்சு இழுக்குறதுலயே தெரிஞ்சிடுங்க. முகத்தைப் பார்த்துக்கிட்டே இருப்பேன். அவங்க முடிக்கப் போறாங்கன்னா நானும் முடிச்சிடுவேன்."

சீனியப்பன் மெல்ல நடந்து அரசரின் காதருகே போனான். "காரணமில்லாமல் சிரியுங்கள், மன்னா. தோன்றும்போது நிறுத்துங்கள்."

அரசர் கடகடவென்று சிரித்தார். உடனே அமைச்சர் சிரித்தார். சேனாபதி வயிற்றைப் பிடித்துக்கொண்டார். அவைப் புலவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அரசர் சட்டென்று நிறுத்தினார். அவை மொத்தமும் அந்த நொடியிலேயே வாயை மூடியது.

"அமைச்சர் பெருமானே, எதற்குச் சிரித்தீர்கள்?" என்றான் சீனியப்பன்.

"மன்னர் சிரித்தார். அதனால்..."

"எப்போது நிறுத்துவதென்று யார் சொன்னது?"

"யாரும் சொல்லவில்லை. மன்னரின் முகத்தைப் பார்த்தோம்."

"இவர்களும் முகத்தைத்தான் பார்த்தார்கள், மன்னா. பயந்துகொண்டு பார்க்கவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்."

அரசருக்கு இம்முறை உண்மையாகவே சிரிப்பு வந்தது. முத்துமாலையைக் கழற்றிச் சீனியப்பன் கழுத்தில் போட்டார்; கலைஞர்கள் இருவருக்கும் பட்டு கொண்டுவரச் சொன்னார். சொல்லிவிட்டு மறுபடி சிரித்தார். கூடச் சிரித்தால் மானம் போகும், சிரிக்காவிட்டால் பதவி போகும். அமைச்சர் பாதி சிரித்து மீதியை விழுங்கினார். சேனாபதி இருமினார். புலவர் எல்லாரும் ஓய்ந்தபின் தனியாகச் சிரித்தார். அந்த அவையில் அன்றுதான் முதன்முறையாகத் தாளம் தப்பியது.