குச்சி ஊன்றிய வெங்காயம்

மிட்டாதார் தீர்த்தகிரி தன் வீட்டுத் தோட்டத்துக்குள் கால் வைத்ததே இல்லை. ஆனால் விருந்தாளிகளிடம், "எல்லாம் நானே நட்டது" என்பார். உண்மையில் நட்ட தோட்டக்காரி குருவாயி மண்வெட்டியோடு பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருப்பாள்.

ஐப்பசி மழையில் வெங்காயப் பாத்தி முழுக்க, பார்வைக்கு வெங்காயத்தாள் போலவே இருக்கும் கோரைக் களை ஏறிவிட்டது. அதைப் பிடுங்கினால் வெங்காயமும் கையோடு வந்துவிடும். டாக்டர் குடும்பம் விருந்துக்கு வந்திருந்த அன்று மிட்டாதார் அவளைக் கூப்பிட்டார்.

"பொழுது சாயறதுக்குள்ள ஒரு களை இருக்கக் கூடாது. என் செடி ஒண்ணு போச்சுன்னாலும் குடிசையைக் காலி பண்ணிடணும்!"

குருவாயி கும்பிட்டாள். "எசமான் கைப்பட நட்டதாச்சே, உங்களுக்குத் தெரியாததா? உங்க செடிக்கெல்லாம் ஒரு குச்சி ஊனிக் குடுங்க. மிச்சத்தைப் பிடுங்கிடறேன்."

டாக்டர் பார்த்துக்கொண்டிருந்தார். வேறு வழியில்லாமல் மிட்டாதார் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கி, செழிப்பாக நின்றதற்கெல்லாம் குச்சி ஊன்றினார். அவ்வளவும் கோரை. குச்சி இல்லாததை எல்லாம் குருவாயி பதமாகப் பிடுங்கி, குடிசையோரம் நட்டுத் தண்ணீர் ஊற்றினாள்.

தை மாதம் டாக்டர் மறுபடி வந்தார். "இன்னைக்கு என் தோட்டத்து வெங்காய சாம்பார்!" என்றார் மிட்டாதார். குருவாயி ஒரு கூடையைக் கொண்டுவந்து வைத்தாள். உள்ளே கருகருவென்று கோரைக் கிழங்கு.

"எசமான் குச்சி ஊனின பாத்தியில வெட்டினதுங்க."

டாக்டர் ஒன்றை முகர்ந்து பார்த்துவிட்டுச் சிரிப்பை அடக்கினார்.

"வெங்காயம் எங்கேடி?" என்று மிட்டாதார் கத்தினார்.

"அந்தக் களைங்களா? எங்குடிசைப் பக்கம் நல்லா விளைஞ்சு கிடக்குது. சாம்பாருக்கு எத்தனை வேணுங்க?"