கல் போட்டு இடம் பிடித்தவர்கள்

தவளை பேசும், கிரகங்கள் பேசும், வாயைத் திறக்காதவர் சூரியன் ஒருவர்தான் என்று இருந்த காலம் அது. அப்போது கிரகங்கள் யாரையும் சுற்றிக்கொண்டிருக்கவில்லை. சூரியனுக்கு எதிரே, ஒரே பக்கமாக, வெயில் வாங்குவதற்கு வரிசையில் நின்றார்கள்.

வரிசை என்று சொல்வது மரியாதைக்காகத்தான். பார்க்கப்போனால் அது வெறும் தள்ளுமுள்ளு. முன்னால் நிற்பவருக்கு உடம்பு வேகும், பின்னால் நிற்பவருக்குக் கை கால் விறைக்கும். யார் எங்கே நிற்பது என்பதற்கு ஒரே சட்டம், கல். ஒரு கல்லைக் கொண்டுவந்து போட்டுவிட்டால் அந்த இடம் போட்டவருக்கு. அவர் எங்கே வேண்டுமானாலும் போய் அரட்டை அடித்துவிட்டு வரலாம், கல் அவருக்காக நிற்கும். அடுத்தவர் கல்லை நகர்த்தக் கூடாது என்று எல்லாரும் சொல்வார்கள். எல்லாரும் நகர்த்தவும் செய்வார்கள்.

இந்தக் கூட்டத்தில் சிக்கி அதிகம் அல்லாடியவள் பூமி. அவளிடம் மட்டும்தான் ஒரு குளம் இருந்தது. குளத்தில் ஒரு தவளை குடியிருந்தது. அந்தத் தவளை அப்போதுதான் முட்டையிட்டிருந்தது. முட்டை பொரியத் தண்ணீர் வெதுவெதுப்பாக இருக்க வேண்டும். கொதித்தாலும் போச்சு, உறைந்தாலும் போச்சு. பூமிக்கு வரிசையில் எந்த இடம் கிடைக்கிறதோ, அதில்தான் அந்த முட்டைகளின் உயிர் இருந்தது.

ஒருநாள் பூமி நல்ல இடமாகப் பார்த்துக் கல்லைப் போட்டுவிட்டு, கொஞ்சம் காலை நீட்டிவிட்டு வரப் போனாள். திரும்பி வந்தால் அந்த இடத்தில் வியாழன் நிற்கிறான். ஆள் சாமானியமான ஆள் இல்லை. அவன் நிழலில் மற்ற எல்லாரும் படுத்துத் தூங்கலாம். போதாததற்கு அவனைச் சுற்றிக் கல் கல்லாகக் கிடந்தது.

"வியாழண்ணே, இது என் இடம். என் கல்லு எங்க?"

"உன் கல்லு பின்னால கெடக்கும்மா. இதெல்லாம் நம்ம பிள்ளைங்களுக்குப் போட்டு வச்சிருக்கேன். இப்ப வந்துருவாங்க."

"எத்தனை பிள்ளைங்க?"

"வரட்டும். எண்ணிப் பாத்துச் சொல்றேன்."

பெற்றவனுக்கே கணக்குத் தெரியாத பிள்ளைகளிடம் என்ன நியாயம் பேசுவது? பூமி அவன் நிழலில் போய் நின்றாள். சற்று நேரத்தில் குளத்திலிருந்து குரல் வந்தது.

"யக்கா! ஓரமெல்லாம் ஐஸ் கட்டுது! என் முட்டை வெறச்சுப்போவுது!"

"நான் என்னடி பண்ணட்டும்? பாத்துக்கிட்டுத்தானே இருக்கே!"

அவள் போட்ட சத்தத்தில் சனி ஓடிவந்தான். எல்லாருக்கும் உதவி செய்கிறேன் பேர்வழி என்று அலைகிறவன் அவன். சுமை தூக்கத் தலையில் துணியை வட்டமாகச் சுருட்டிப் பெரிய சும்மாடு கட்டிக்கொண்டு, கற்களை ஒழுங்குபடுத்துகிறேன் என்று இங்கிருப்பதை அங்கே தூக்கி வைத்தான். அவன் ஒழுங்குபடுத்தி முடித்தபோது பூமியின் கல் வரிசையின் முகப்பில் கிடந்தது. சூரியன் கைக்கெட்டும் தூரத்தில்.

"யக்கா! கொதிக்குது யக்கா!"

பூமி பதறிப்போய்ப் பின்வாங்கினாள். பின்னால் வெள்ளி நின்றாள். பளபளவென்று இருப்பாள், ஓர் அங்குலம் நகரமாட்டாள்.

"கொஞ்சம் வழி விடேன் வெள்ளி. குளம் வத்துது."

"முன்னால போனவ போனவதான். திரும்பி வர்றதுக்கெல்லாம் வரிசையில வழி கெடையாது."

பூமி வாயில் வந்ததைச் சொல்லிவிட்டாள். என்ன சொன்னாள் என்று நான் இங்கே சொல்லமாட்டேன். வெள்ளி வெடுக்கென்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். இன்றைக்கும் பூமி ஒரு பக்கமாகச் சுழன்றால் அவள் எதிர்ப்பக்கமாகத்தான் சுழல்கிறாள்.

இவர்கள் இருவருக்கும் நடுவில் புகுந்து புதன் முன்னால் போனான். பொடியன். அவனுக்குக் கல்லும் கிடையாது, வெட்கமும் கிடையாது.

"ஒண்ணே ஒண்ணு கேட்டுட்டுப் போயிடறேன் அக்கா."

தினமும் இதைத்தான் சொல்வான். அவன் எதையும் கேட்டதாகவும் தெரியவில்லை, போனதாகவும் தெரியவில்லை. வரிசையின் வாலில் யுரேனஸ் இரண்டு ஆள் இடத்தை அடைத்துக்கொண்டு ஒருக்களித்துப் படுத்துக் கிடந்தான். அவனுக்கும் பின்னால் நெப்டியூன் கழுத்தை நீட்டி, "முன்னால என்ன குடுக்கறாங்க? என்ன குடுக்கறாங்க?" என்று கேட்டுக்கொண்டே இருந்தான். எதற்கு நிற்கிறோம் என்றே தெரியாமல் வந்து நின்றவன் அவன். இப்படி ஒரு கூட்டத்தோடு பிறந்ததற்குப் பூமி தலையில் அடித்துக்கொண்டாள்.

இப்படியே முன்னும் பின்னுமாக இழுபட்டதில் ஒருநாள் தவளை கத்தவில்லை. பூமிக்கு முதலில் நிம்மதியாக இருந்தது. அப்புறம் பயமாகிவிட்டது. குனிந்து பார்த்தாள். குளத்தில் பாதித் தண்ணீர் இல்லை. முட்டைகள் வெளுத்துப்போய் மேலே மிதந்தன. பாசிக்கு அடியில் ஒரு சின்னக் கொத்து மட்டும் கறுப்புக் கறுப்பாக உயிரோடு இருந்தது. அதன்மேல் தவளை தன் உடம்பால் மூடிப் படுத்திருந்தது.

"மிச்சம் இவ்வளவுதான் யக்கா" என்றது.

பூமிக்கு அழுகை வந்தது. அழுகைக்கு முன்னால் ஆத்திரம் வந்தது. சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு வரிசைக்குள் இறங்கினாள். வியாழன் கல், வெள்ளி கல், வராத பிள்ளைகளின் கல், தன்னுடைய கல் என்று ஒன்றைக்கூட விடாமல் பொறுக்கி முந்தானையில் கட்டினாள்.

"ஏய், அது என் கல்லு!" என்று செவ்வாய் முகம் சிவக்கக் கத்தினான்.

"இனிமே எவனுக்கும் கல்லு கெடையாது!"

முந்தானையோடு சுழற்றி ஒரே வீச்சு. செவ்வாயின் தலைக்கு மேலாகப் பறந்து கற்கள் தூரத்தில் சிதறி விழுந்தன. செவ்வாய் கோபத்தில் சிவந்தபடியே நின்ற இடத்தில் நின்றான். வியாழனோ, "ஐயோ, என் பிள்ளைங்க இடம்!" என்று அலறிக்கொண்டு கற்களைத் துரத்தி, வந்த வேகத்தில் நிற்க முடியாமல் அவற்றையும் தாண்டிப் போய்விட்டான். அவன் பின்னாலேயே சனி ஓடினான். ஓட்டத்தில் தலைச் சும்மாடு நழுவி இடுப்பில் இறங்கிவிட்டது.

பூமி யாரையும் திரும்பிப் பார்க்கவில்லை.

"தண்ணியில கால வச்சுப் பாத்துச் சொல்லு. எங்க நிக்கணும்?" என்று தவளையைக் கேட்டாள்.

"இன்னும் கொஞ்சம் பின்னால. இன்னும். போதும், போதும்! லேசா முன்னால. இங்கதான் யக்கா!"

பூமி நின்றாள். தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தது. அதற்குள் தூரத்திலிருந்து வியாழனின் குரல்.

"ஏம்மா, நீ நிக்கற எடத்துல என் கல்லு கெடந்துச்சு! அது எங்க இடம்!"

அவ்வளவுதான், மறுபடியும் ஆரம்பித்துவிட்டார்கள். நின்றால்தானே இடம் யாருடையது என்று கேள்வி வரும்? பூமி நடக்கத் தொடங்கினாள்.

"நான் எங்கண்ணே நிக்கறேன்? நடக்கறேன். நடக்கறவளுக்கு என்ன சட்டம்?"

நடக்கிறவர்களைப் பற்றி வரிசையில் யாரும் எதுவும் பேசிவைக்கவில்லை.

தவளை தண்ணீரில் காலை வைத்தபடி, "கிட்டப் போறே, எட்ட வா. எட்டப் போறே, கிட்ட வா" என்று சொல்லச் சொல்ல, பூமி அதே தூரத்தில் நடந்தாள். நடந்து நடந்து சூரியனின் முதுகுப் பக்கம் வந்துவிட்டாள். அங்கே இருட்டாக இருக்கும் என்று நினைத்திருந்தாள்.

அங்கேயும் அதே வெயில். ஆளில்லாமல் கொட்டிக் கிடந்தது.

எத்தனை சண்டை, எத்தனை ஏச்சுப் பேச்சு! அத்தனையும் வெந்த முட்டைகளும் பூமியின் கண்முன்னால் வந்தன.

"ஐயா, உங்களுக்கு எல்லாப் பக்கமும் வெயில் இருக்கா?"

சூரியன் அன்றுதான் முதன்முதலாக வாயைத் திறந்தார்.

"இருக்கேம்மா."

"அத ஏன்யா எங்ககிட்ட சொல்லல?"

"யாரும் கேக்கலையேம்மா. எல்லாரும் அங்கயே வரிசையா நின்னீங்க. உங்களுக்குள்ள ஏதோ ஏற்பாடு போலன்னு நானும் சும்மா இருந்துட்டேன்."

பூமி நடந்தபடியே புதனைப் பார்த்து ஒரு சத்தம் போட்டாள். "டேய்! ஒண்ணு கேக்கணும், ஒண்ணு கேக்கணும்னு தெனமும் முன்னால வந்தியே. இதக் கேட்டியாடா?"

"கிட்ட வந்ததும் மறந்துடுது அக்கா" என்றான் புதன். அவள் அடிக்க வருவாளோ என்று பயந்து ஓடத் தொடங்கினான். மற்றவர்களும் பார்த்தார்கள். எல்லாப் பக்கமும் வெயில் இருக்கும்போது வரிசையில் நின்று என்ன செய்வது? அவரவர் இருந்த தூரத்திலேயே ஒவ்வொருவராக நடக்க ஆரம்பித்தார்கள். வியாழனின் பிள்ளைகள் ஒருவழியாக வந்துசேர்ந்து அவனைச் சுற்றிக்கொண்டார்கள். நெப்டியூன் கடைசிவரை என்ன கொடுக்கிறார்கள் என்று தெரிந்துகொள்ளாமலேயே நடந்தான்.

அந்த மிச்சக் கொத்து பொரிந்தது. தலைப்பிரட்டைகள் குளமெங்கும் வாலை ஆட்டிக்கொண்டு ஓடியபோது பூமி ஒரு கணம் கால் தயங்கினாள். ஆசைதீர நின்று பார்க்க வேண்டும் போலிருந்தது அவளுக்கு.

"நிக்காதே யக்கா!" என்றது தவளை.

அன்றைக்கு எடுத்துவைத்த அடியைக் கிரகங்கள் இன்னும் நிறுத்தவில்லை. புதன் இன்னும் பயந்து ஓடுகிறான், சனியின் சும்மாடு இன்னும் இடுப்பிலேயே கிடக்கிறது, செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவில் அந்தக் கற்கள் எவர் கல் என்று தெரியாமல் சுற்றுகின்றன. அந்தத் தலைப்பிரட்டைகளின் பேரப்பிள்ளைகள்தான் மழை பெய்து குளம் நிறைந்தவுடன் கூட்டமாகக் கூடிக் கத்துகின்றன. தூக்கம் கெடுகிறதே என்று நாம் திட்டுகிறோம். அவை நம்மைக் கூப்பிடுவதில்லை. "கிட்டப் போகாதே யக்கா, எட்டப் போகாதே யக்கா" என்று பூமிக்குத்தான் சொல்கின்றன. தெரியுமடி, தெரியுமடி என்று சலித்துக்கொண்டே அவளும் நடக்கிறாள்.