நெல்லிநாட்டுப் பரணி

சீடர் என்றதும் மீசை முளைக்காத பிள்ளை என்று நினைத்துவிட வேண்டாம். புலவர் மருதவாணருக்கு ஐம்பத்திரண்டு வயது. அவருடைய குரு உமையாள் அம்மைக்கு நாற்பதுகூட ஆகவில்லை.

அந்த நாட்டில் ஒரு வழக்கம் இருந்தது. எந்தப் புலவர் எதை எழுதினாலும் உமையாள் அம்மை முழுதாகக் கேட்டு, சுவடிக்குத் தன் கையால் நூல் கட்டித் தர வேண்டும். அந்தக் கட்டு இல்லாத சுவடியை அரசவையில் அவிழ்க்க விடமாட்டார்கள்.

அன்று காலை மருதவாணர் ஓடிவந்தார். மேல்துண்டு ஒரு தோளில் இருந்தது, மறுமுனை தெருவைக் கூட்டிக்கொண்டு வந்தது.

"தாயே, முடிந்துவிட்டது! பரணி முடிந்துவிட்டது!"

"அரங்கேற்றம் நாளைதானே?"

"நாளை காலை. அரசர் வருகிறார், படைத்தலைவர்கள் வருகிறார்கள், ஊரே வருகிறது. நீங்கள் கேட்டு நூல் கட்டினால் போதும்."

"உட்காருங்கள் புலவரே."

"உட்கார முடியவில்லை தாயே. நின்றே பாடிவிடுகிறேன்."

மூன்று வருடத்துக்கு முன் அரசர் பக்கத்து நெல்லிநாட்டின் மேல் படையெடுத்து வென்றிருந்தார். அந்த வெற்றியைத்தான் மருதவாணர் மூன்று வருடமாக உட்கார்ந்து பாட்டாக்கினார். போரில் ஆயிரம் யானைகளை வீழ்த்தியவனுக்குத்தான் பரணி பாட வேண்டும் என்பது இலக்கணம். நெல்லிநாட்டில் இருந்தவை மொத்தம் ஒன்பது யானைகள். அதனால் என்ன? பாட்டில் ஆயிரமும் விழுந்தன.

ஆனால் ஒன்றைச் சொல்ல வேண்டும். அப்படி ஒரு பாட்டை அந்தத் தெரு கேட்டதே இல்லை. குதிரை ஓடும் இடத்தில் சொற்கள் குதிரையாக ஓடின. வாள் மோதும் இடத்தில் புலவர் தொடையில் தட்டிய தாளத்துக்குப் பக்கத்து வீட்டுப் பாத்திரங்கள் அதிர்ந்தன. செக்கு ஆட்டுகிறவர் மாட்டை அப்படியே விட்டுவிட்டு வந்து சுவரேறி உட்கார்ந்தார். அவருக்குப் பின்னால் நெசவாளிகள் வந்தார்கள். வாசலில் நிற்க இடமில்லை.

கடைசியில் கூழ் வந்தது. கூழ் இல்லாமல் பரணி இல்லை. போர் முடிந்த களத்தில் பேய்கள் கூடி, விழுந்துகிடக்கும் பகைவரின் பற்களை அரிசியாகக் குற்றி, நிணத்தை ஊற்றி, யானைத் தலையைப் பானையாக்கிக் கூழ் காய்ச்சிக் குடிக்கும். அதில் ஒரு கிழட்டுப் பேய்க்குப் பல் இல்லை. "எனக்குக் கட்டியில்லாமல் ஊற்று" என்று அது அடம்பிடிக்கும். தெரு விழுந்து விழுந்து சிரித்தது. உமையாள் அம்மையும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

பாட்டு முடிந்தது. மருதவாணருக்கு மூச்சு வாங்கியது.

"தாயே, இதில் ஏதாவது குறை இருக்கிறதா?"

உமையாள் அம்மை எழுந்து உள்ளே போனாள். தேங்காய் வெட்டும் அரிவாளோடு வெளியே வந்தாள்.

"காட்டுங்கள் புலவரே."

"எதைத் தாயே?"

"யாரை வெட்டுவது? காட்டுங்கள்."

மருதவாணருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. "இதைவிடப் பெரிய பாராட்டு எனக்கு வேண்டாம் தாயே!"

"பாராட்டு இல்லை. என் கையைப் பாருங்கள்."

முழங்கை வரை மயிர் சிலிர்த்து நின்றது. அவள் நடிக்கவில்லை.

"நான் ஒரு கோழியைக்கூட அறுத்ததில்லை. இப்போது எனக்கு ஒரு நெல்லிநாட்டான் வேண்டும். மூன்று வருடம் நீங்கள் காய்ச்சியதை ஒரே காலையில் எனக்குள் ஊற்றிவிட்டீர்கள். வாருங்கள், இது ஆறுவதற்குள் போவோம்."

விறுவிறுவென்று தெருவில் இறங்கிவிட்டாள். புலவர் சுவடியை மார்போடு அணைத்துக்கொண்டு பின்னால் ஓடினார். தெரு அவர் பின்னால் ஓடியது. ஒருவன் உலக்கையை எடுத்துக்கொண்டான். ஒருவன் வண்டியின் நுகத்தடியையே உருவிக்கொண்டான்.

"எங்கடா சண்டை?"

"தெரியல, வா!"

"யாரு கூட?"

"அதான் தெரியலங்கறேன்ல, வாடா!"

கூட்டத்திலிருந்து ஒரு குரல் கத்தியது. "நெல்லிநாட்டு ஆளுதானே வேணும்? குளத்தங்கரையில ஒருத்தி கூழ் விக்கிறா!"

கூட்டம் குளத்தங்கரைக்குத் திரும்பியது.

புன்னை மரத்தடியில் ஒரு பானை, நாலு சுரைக்குடுவை, ஓர் அகப்பை. அவற்றின் பின்னால் சாத்தி என்பவள் உட்கார்ந்திருந்தாள். போருக்குப் பிறகு அகப்பையை மட்டும் இடுப்பில் செருகிக்கொண்டு எல்லை தாண்டி வந்தவள். அரிவாளும் உலக்கையுமாக வரும் கூட்டத்தைப் பார்த்ததும் பதறி எழுந்தாள்.

"அய்யய்யோ, இத்தனை பேருக்குக் கூழ் பத்தாதே! மொதல்லயே சொல்லி அனுப்பியிருக்கக் கூடாதா?"

உலக்கை வைத்திருந்தவன் அதை மெதுவாக முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனான்.

உமையாள் அம்மை புலவரிடம் திரும்பினாள். "இதோ நெல்லிநாடு. இவளா?"

"தாயே, வேண்டாம்!" மருதவாணர் சுவடியைக் கக்கத்தில் இடுக்கி, கை இரண்டையும் நீட்டி மறித்தபடி நடுவில் பாய்ந்தார். "இவள் என்ன செய்தாள்?"

"அவர்களில் யார் என்ன செய்தார்கள் என்று பாட்டில் இல்லையே. அதனால்தான் உங்களிடம் கேட்கிறேன்."

சாத்திக்கு ஒரு சொல்தான் காதில் நின்றது. "என்ன பாட்டுங்க?"

"பரணி" என்றார் மருதவாணர். "நெல்லிநாட்டுப் பரணி."

"எங்க நாட்டுப் பேரா! ஜெயிச்சது நீங்கதானே ஐயா, உங்க பேரு இல்லையா?"

"தோற்றவர் பேரில்தான் பரணி பாடவேண்டும். அதுதான் மரபு."

சாத்தியின் முகம் மலர்ந்தது. "இப்படி ஒரு மரபு இருக்கா! எவ்வளவு பெரிய மனசு! நாங்க என்னமோ எங்கள எல்லாரும் மறந்துட்டாங்கன்னுல்ல நெனச்சோம்." முந்தானையால் ஒரு கல்லைத் துடைத்தாள். "உக்காருங்க ஐயா. கூட வந்தவங்களும் உக்காருங்க. இருக்கறதப் பங்கு போட்டுக் குடிப்போம்."

உமையாள் அம்மை அரிவாளைத் தரையில் வைத்துவிட்டுக் கரையில் உட்கார்ந்தாள். அவள் கையில் சிலிர்த்து நின்ற மயிர் படிந்துவிட்டிருந்தது. நுகத்தடிக்காரனும் உட்கார்ந்தான்.

சாத்தி குடுவை நிறைய ஊற்றிப் புலவர் கையில் கொடுத்தாள்.

"எங்க பேருல பாட்டுன்னா எங்க ஆளுங்கதானே அதுல வருவாங்க? என் வீட்டுக்காரரும் அந்தச் சண்டைக்குப் போனாரு ஐயா. கொற்றன்னு பேரு. இடது கையால ஈட்டி பிடிப்பாரு, அதுக்கே எல்லாரும் சிரிப்பாங்க. முன்பல்லு ரெண்டும் கொஞ்சம் தூக்கினாப்ல இருக்கும். திரும்பி வரல. யாரும் பாத்தேன்னும் சொல்லல. நீங்க எல்லாத்தையும் விசாரிச்சுத்தானே எழுதியிருப்பீங்க?"

மருதவாணர் வாயைத் திறந்தார்.

"அவரு எந்த இடத்துல வர்றாரு ஐயா?"

பரணி முழுவதும் புலவருக்கு மனப்பாடம். முதலில் இருந்து மனத்துக்குள் ஓட்டிப் பார்த்தார். நெல்லிநாட்டார் உயிரோடு நிற்கும் இடம் ஒன்றுகூட இல்லை. யானைக் காலடியில் வந்தார்கள். அப்புறம் பேய்களின் பானையில் வந்தார்கள். பற்களைக் குற்றும் அடியை எழுதிய நாளில் தனக்குத்தானே கைதட்டிக்கொண்டது ஞாபகம் வந்தது.

"குடிங்க ஐயா. கட்டியில்லாமத்தான் கரைச்சிருக்கேன்."

குடுவை வாய்க்குப் போகவில்லை. கூட்டத்தில் யாரும் சிரிக்கவில்லை.

"நாளைக்கு நான் வரலாமா?" என்று சாத்தி கேட்டாள். "ஓரமா நின்னு கேட்டுட்டுப் போயிடுறேன். அவரு வர்ற இடத்துல மட்டும் கொஞ்சம் நிதானமாப் பாடுங்க. அவசரத்துல விட்டுடப் போறேன்."

மருதவாணர் குருவைப் பார்த்தார். "தாயே, நூல் கட்ட வேண்டாம்..."

உமையாள் அம்மை இடுப்பு முடிச்சிலிருந்து நூலை எடுத்தாள். அவர் கக்கத்திலிருந்த சுவடியை வாங்கி, மடியில் வைத்து, நிதானமாக மூன்று சுற்றுச் சுற்றி இறுக்கிக் கட்டினாள். திரும்ப அவர் கையில் கொடுத்தாள்.

"குறை ஒன்றும் இல்லை புலவரே. நாளை ஓர் எழுத்தும் மாற்றாமல் பாடுங்கள். இவள் மட்டும் முதல் வரிசையில், உங்கள் முகத்துக்கு நேரே உட்காரட்டும்."