ஆமைப்பாறைக்குப் போகாத தலைவர்

காட்டின் நடுவே ஒரு மடு இருந்தது. ஓடைகள் எல்லாம் வற்றிப்போகும் கோடையிலும் அது வற்றாது.

மடுவுக்கு இரண்டு துறைகள். வடக்குத் துறையில் ஆழமில்லை. கூழாங்கல் நிறைந்த கரை. தண்ணீருக்குள் என்ன அசைகிறது என்று கரையில் நின்றே பார்த்துவிடலாம். தெற்குத் துறை ஆழம், எப்போதும் கலங்கல். அங்கே ஒரு முதலை இருந்தது. அதனால் எல்லா விலங்குகளும் வடக்குத் துறையில்தான் குடித்தன.

அந்தக் கூழாங்கற்களுக்கு நடுவே ஓர் ஆள்காட்டிக் குருவி தன் துணையோடு குடியிருந்தது. கூடு என்று எதையும் அது கட்டவில்லை. வெறும் தரையில், கல்லோடு கல்லாக, நான்கு முட்டைகள். விடிந்தும் விடியாததுமாக அது மடுவை ஒரு சுற்றுச் சுற்றும். பார்த்ததை எல்லாம் கத்திச் சொல்லும்.

"டிட்டிட்டீ! ஓடைப் பக்கம் சிறுத்தையின் காலடி! டிட்டிட்டீ! முயல் வளைக்குப் பக்கத்தில் நரி படுத்திருக்கிறது!"

இனிமையான குரல் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். காதைக் கிழிக்கும். ஆனாலும் அதைக் கேட்ட பிறகுதான் ஒவ்வொன்றும் தண்ணீருக்கு இறங்கும்.

மடுவின் விலங்குகளுக்கு ஒரு சபை உண்டு. சபைக்கு ஒரு வழக்கமும் உண்டு. பேசப்படும் விஷயத்தில் யாருக்குச் சொந்த லாபம் இருக்கிறதோ, அது எழுந்து தூரத்தில் இருக்கும் ஆமைப்பாறைக்குப் போய், சபைக்கு முதுகு காட்டி நிற்க வேண்டும். மற்றவை பேசி முடிவெடுத்த பிறகுதான் திரும்பி வரலாம். போன மழைக்காலத்தில் கிழங்கு மேட்டை யாருக்கு விடுவது என்ற பேச்சு வந்தபோது காட்டுப்பன்றி தானாகவே எழுந்து போனது. முணுமுணுத்துக்கொண்டேதான் போனது. ஆனால் போனது!

அந்த ஆண்டு மிளாமான் தலைவராகியிருந்தது. உயர்ந்த உருவம், கிளை கிளையாகக் கொம்பு. "புல் தின்கிறவர்தானே! அவரிடம் நமக்கென்ன பயம்?" என்று எல்லாம் சேர்ந்து தேர்ந்தெடுத்தன.

கோடை முற்றிய ஒரு நாள் தலைவர் சபையைக் கூட்டியது.

"வடக்குத் துறை குளம்பு பட்டுப் பட்டுச் சேறாகிவிட்டது. இந்தக் கோடைக்கு அதை மூடுவோம். கொஞ்சம் தெளியட்டும். அதுவரை எல்லாரும் தெற்குத் துறையில் குடிக்கலாம்!"

"அங்கே முதலை இருக்கிறதே, தலைவரே!" என்றது காட்டுப்பன்றி.

"பேசிவிட்டேன். பல்லெல்லாம் ஆடிப்போன கிழம் அது. யாரையும் தொடுவதில்லை என்று வாக்குக் கொடுத்திருக்கிறது."

சபைக்கு மேலே ஆள்காட்டி வட்டமடித்தது.

"தலைவரே! நீங்கள் ஏன் இன்னும் ஆமைப்பாறைக்குப் போகவில்லை?"

எல்லாத் தலைகளும் மிளாவின் பக்கம் திரும்பின.

"நான் எதற்குப் போக வேண்டும்?"

"மடுவின் நடுத்திட்டில் பச்சைப்புல் வளர்ந்திருக்கிறது. காடெங்கும் காய்ந்து கிடக்கும்போது அங்கே மட்டும் பச்சை! நேற்று சாயங்காலம் உங்கள் கூட்டம் நீந்திப் போய் மேய்ந்தது. முதலை ஒதுங்கி வழிவிட்டது. நான் பார்த்தேன்!"

மிளா சிரித்தது. "புல் தின்பது குற்றமா?"

"குற்றம் என்று நான் சொல்லவே இல்லையே! முதலையால் உங்களுக்கு லாபம் இருக்கிறது. பேச்சோ முதலையின் துறையைப் பற்றி. பாறைக்குப் போங்கள், மற்றவர்கள் முடிவு செய்யட்டும். அவ்வளவுதான் கேட்கிறேன்!"

"அதாவது என்னைத் திருடன் என்கிறாய்!"

"இல்லை. பாறைக்குப் போகச் சொல்கிறேன். போன மழைக்காலத்தில் பன்றி போனதே, பன்றி என்ன திருடனா?"

"ஏ குருவி! என்னை ஏன் இதில் இழுக்கிறாய்?" என்று பன்றி உறுமியது.

மிளா உடனே சபைப் பக்கம் திரும்பியது. "கேட்டீர்களா! இப்போது பன்றியையும் திருடன் என்கிறது!"

விலங்குகள் முணுமுணுத்தன. கேட்ட கேள்வி என்ன என்பதே மறந்துபோனது. குருவிக்கு வாய் நீளம் என்பதுதான் நினைவில் நின்றது. "பேச்சு சூடாகிவிட்டது. இன்னொரு நாள் முடிவு செய்வோம்" என்று சபையைக் கலைத்தது மிளா.

கலைத்துவிட்டு நேராகத் தெற்குத் துறைக்குப் போனது.

"என்ன ஆயிற்று?" என்று தண்ணீருக்குள்ளிருந்து கேட்டது முதலை. "துறை எனக்கு, திட்டு உனக்கு என்றாயே! எனக்குப் பசிக்கிறது."

"ஒரு குருவி குறுக்கே நிற்கிறது. பொறு!"

மறுநாள் மிளா ஆள்காட்டியைத் தேடி வந்தது. தலை தாழ்த்தி முட்டைகளை முகர்ந்தது.

"அழகான முட்டைகள்! கல் மாதிரியே இருக்கின்றன. அதுதான் எனக்குக் கவலை. என் கூட்டத்தில் எத்தனை குளம்புகள்! யாராவது தெரியாமல் மிதித்துவிட்டால்? நான் வேண்டுமானால் காவல் போடுகிறேன். நீயும் எனக்கு ஓர் உதவி செய். காலையில் சிறுத்தையைப் பற்றிக் கத்து. நரியைப் பற்றிக் கத்து. தாராளமாகக் கத்து! திட்டைப் பற்றி மட்டும் வேண்டாம்."

மிளா போன பிறகு துணைக்குருவி மெல்லச் சொன்னது. "ஒரே ஒரு சொல்தானே! விட்டுவிடேன். நான்கு பிள்ளைகள் பொரிந்துவிடும்."

"அந்த ஒரு சொல்லை விட்டால் மற்றச் சொற்களை யார் நம்புவார்கள்? நாளைக்குச் சிறுத்தை வருகிறது என்று கத்தினால், அதுவும் யாரோ கத்தச் சொன்னதாகத்தான் இருக்கும். அப்புறம் நான் கத்தினால் என்ன, கத்தாவிட்டால் என்ன?"

துணை முட்டைகளின் மேல் நன்றாகப் பரந்து உட்கார்ந்தது.

"சரி, கத்து! நான் இங்கே இருக்கிறேன்."

விடிந்தது. "டிட்டிட்டீ! தலைவரின் கூட்டம் திட்டில் மேய்கிறது! முதலை வழிவிடுகிறது! தலைவர் பாறைக்குப் போகவில்லை!"

புதர் மறைவில் ஒரு புள்ளிமான் குட்டிக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தது. அந்தக் கோடையில் பிறந்த குட்டி. கால்கள் இன்னும் ஆடின. கத்தலைக் கேட்டுக் குட்டி துள்ளி, மடியை விட்டுவிட்டது.

"தினம் தினம் இதே ரோதனை!" என்று எரிந்து விழுந்தது புள்ளிமான். "திட்டில் யார் மேய்ந்தால் எனக்கென்ன? என் பிள்ளை நிம்மதியாகப் பால் குடிக்க முடியவில்லை!"

மிளா அந்தப் பக்கமாக வந்தது. "நியாயம்தானே, தங்கச்சி! குருவிக்குப் பிறர் மேல் பழி போடுவதே பிழைப்பு. இனி காலையில் நல்ல செய்தி கேட்கலாம். மைனாவை ஏற்பாடு செய்திருக்கிறேன்."

தலைவர் காட்டிய அத்திமரத்தில் மைனா குடியேறியிருந்தது. மரம் முழுக்கப் பழம். மைனா தேன் குரலில் பாடியது. "காற்று இதமாக இருக்கிறது! மடு நிறைந்திருக்கிறது! தலைவர் நலமாக இருக்கிறார்!"

அன்று பொழுது சாயும் நேரத்தில் மிளாவின் கூட்டம் வடக்குத் துறைக்கு வந்தது. ஆள்காட்டி ஓடிப்போய் முன்னே விழுந்தது. சிறகு ஒடிந்ததுபோலத் தரையில் இழுத்து இழுத்துப் புரண்டது. முட்டை தேடி வரும் நரியைத் தன் பின்னால் இழுத்துக்கொண்டு போக ஆள்காட்டிகள் செய்யும் வித்தை அது. நரி ஏமாறும். முட்டை இருக்கும் இடம் தெரிந்தே வருகிறவர்கள் எப்படி ஏமாறுவார்கள்? கூட்டம் நேராக நடந்தது. துணைக்குருவி கடைசிவரை எழவில்லை. குளம்பு தன் மேல் இறங்கும்போதுதான் பறந்தது. நான்கு முட்டைகளும் நசுங்கிப்போயின.

"ஐயோ, கல் என்று நினைத்துவிட்டோம்!" என்றது மிளா.

விலங்குகள் வந்து பார்த்தன. "பாவம்தான்" என்றது காட்டுப்பன்றி. "ஆனாலும் இப்படியா வெட்டவெளியில் முட்டையிடுவது?"

மறுநாள் காலை ஆள்காட்டி நடந்ததை நடந்தபடியே கத்தியது.

"சொந்தத் துக்கத்தை ஊர்ச் செய்தி ஆக்காதே, அக்கா!" என்றது புள்ளிமான்.

அன்றே சபை கூடியது. வடக்குத் துறையை மூடுவது, ஆள்காட்டி இனி மடுவின் பக்கம் கத்தக் கூடாது என்று இரண்டு தீர்மானங்கள். மிளா பாறைக்குப் போகவில்லை. போகச் சொல்லி யாரும் கேட்கவும் இல்லை. முயல் சம்மதம் என்று காலைத் தூக்கியது. கீரி தூக்கியது. பன்றி யாரையும் பார்க்காமல் தூக்கியது. குட்டியை நக்கிக்கொண்டிருந்த புள்ளிமானும் தூக்கியது.

ஆள்காட்டியும் துணையும் மலைக்கு அப்பால் பறந்து போய்விட்டன. வடக்குத் துறையை மிளாக்கள் இலந்தை முள்ளால் அடைத்தன. மிளாவின் கூட்டத்தில் இரண்டு கடாக்கள் காவலுக்கு நின்றன.

அடுத்த நாள் காடு அமைதியாக விடிந்தது. எல்லாம் நன்றாகத் தூங்கின.

சில நாட்களில் முயலைக் காணவில்லை. "முயல் மாமியார் வீட்டுக்குப் போயிருக்கிறது!" என்று மைனா பாடியது. பிறகு கீரியைக் காணவில்லை. "கீரி மேற்கு மலையில் குடியேறிவிட்டது! வாழ்த்துவோம்!" என்று பாடியது. யாரும் எதுவும் கேட்கவில்லை. குரல் அவ்வளவு இனிமையாக இருந்தது.

ஒரு காலை புள்ளிமான் குட்டியோடு தெற்குத் துறைக்கு இறங்கியது. குட்டி குடித்துக்கொண்டிருந்தது. ஒரு தளிரைக் கடிக்கத் தாய் முகத்தைத் திருப்பியது. தண்ணீர் ஒருமுறை சளப்பென்றது. திரும்பிப் பார்த்தபோது வட்ட வட்டமாக அலைதான் இருந்தது.

"நல்ல செய்தி!" என்று பாடியது மைனா. "புள்ளிமான் குட்டி நீந்தக் கற்றுக்கொண்டது! திட்டுக்குப் போய் விளையாடுகிறது!"

தாய் நம்பியது. நம்பாமல் என்ன செய்யும்? கரையில் நின்று திட்டைப் பார்த்துக் கூப்பிட்டது. மறுநாளும் வந்து கூப்பிட்டது. மிளாவின் பிள்ளைகள் புல்லிலிருந்து தலை தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடியும் மேய்ந்தன. அவற்றுக்கு நடுவே ஒரு புள்ளிகூட இல்லை.

சாயங்காலம் மிளாவின் மகள் திட்டிலிருந்து நீந்தி வந்தது. தெற்குத் துறை நீரில் இரண்டு கண்கள் எழுந்தன. முதலை மெல்ல ஒதுங்கி வழிவிட்டது.

ஆள்காட்டி பார்த்ததைப் புள்ளிமான் அப்போதுதான் பார்த்தது.

"சபையைக் கூட்டுங்கள்!" என்று அது அலறியது. "வடக்குத் துறையைத் திறக்க வேண்டும்!"

சபை கூடியது. மிளா தன் இடத்தில் உட்கார்ந்தது.

"தலைவரே, ஆமைப்பாறைக்குப் போங்கள்!" என்றது புள்ளிமான்.

"குருவி போய் இப்போது நீயா?" என்றது மிளா. "நீ சொல்வதற்கு யார் சாட்சி?"

புள்ளிமான் சுற்றிப் பார்த்தது. முயல் உட்காரும் இடம் வெறுமையாக இருந்தது. கீரியின் இடமும் வெறுமை. தெற்குத் துறையில் குடித்தவை பல திரும்பி வந்திருக்கவில்லை. அந்த இடங்களில் எல்லாம் திட்டில் மேய்ந்து கொழுத்த மிளாக்கள் உட்கார்ந்திருந்தன.

காட்டுப்பன்றி எழுந்தது. "நான் போனேனே, தலைவரே! கிழங்கு மேடு வேண்டும் என்று வயிறு துடித்தது. இருந்தும் போனேன். நீங்களும் போங்கள்!"

"இதை அன்றைக்கே சொல்லியிருக்கலாமே, பன்றியாரே!" என்று சிரித்தது மிளா. "சரி, காலைத் தூக்குங்கள்."

துறையைத் திறக்கப் புள்ளிமான் தூக்கியது. பன்றி தூக்கியது. இன்னும் இரண்டு மூன்று தயங்கித் தயங்கித் தூக்கின. திறக்கக் கூடாது என்றபோது மிளாக்களின் கால்கள் ஒரு காடுபோல எழுந்தன.

"தீர்மானம் தோற்றது! தலைவர் நலமாக இருக்கிறார்!" என்று மைனா பாடியது.

புள்ளிமான் முள்வேலி வரை போய்ப் பார்த்தது. காவல் கடாக்கள் கொம்பைத் தாழ்த்தின. வெயில் கொளுத்தியது. நாக்கு ஒட்டிக்கொண்டது. காட்டில் வேறு எங்கும் தண்ணீர் இல்லை. அது திரும்பித் தெற்குத் துறைக்கு நடந்தது.

தண்ணீரில் வாய் வைக்கும் முன் பழக்கத்தில் காதைத் தூக்கி நின்றது. வெகுநேரம் நின்றது. எந்தக் குரலும் வரவில்லை.

பிறகு குனிந்தது.

இதில் உனக்கென்ன லாபம் என்று அதிகாரத்தைக் கேட்கும் குரலை இரைச்சல் என்று விரட்டுகிறவர்கள், தங்களுக்கு ஆபத்து வரும் நாளில் எச்சரிக்க ஒரு குரல்கூட இல்லாமல் தலைகுனிய வேண்டியிருக்கும்.