கப்பல் பெட்டிக்குள் இருந்த தடம்

காஜா மொய்தீன் பாய்க்கு வயது நாற்பத்தைந்து. அவருடைய சீடர் அந்தோணி பர்னாந்து அண்ணனுக்கு அறுபத்தேழு. இதில் சிரிக்க ஒன்றும் இல்லை. தூத்துக்குடியில் பழைய சாமானைக் கையில் வாங்கி, இது என்ன, எந்த ஊர், என்ன பெறும் என்று சொல்லத் தெரிந்தவர் பாய் ஒருவர்தான். தெரிந்தவரிடம்தானே போய் உட்கார முடியும்.

எட்டு வருஷமாக அண்ணன் தினமும் கடைக்கு வருகிறார். நான் லிங்கத்துரை, அதே கடையின் மூலையில் பழைய ரேடியோ பிரித்து மாட்டுகிறவன். நானும் ஒரு வகையில் சீடன்தான், ஆனால் கேள்வி கேட்க மாட்டேன். அண்ணன் ஒருவர் கேட்பதே பாய்க்கு இரண்டு ஆயுசுக்குக் காணும்.

அண்ணன் கப்பலில் இன்ஜினுக்கு எண்ணெய் போடும் வேலை பார்த்தவர். இருபத்திரண்டு வருஷம் கடல். துறைமுகம் துறைமுகமாக வாங்கியதெல்லாம் வீட்டு ஷோகேஸில் இருக்கிறது. அதில் ஒன்று ஹாம்பர்க்கில் வாங்கிய தகரக் கப்பல். சாவி கொடுத்தால் தரையில் ஓடும், புகைபோக்கி ஆடும். 'நல்ல சாமான்' என்று பாய் வாயால் ஒரு தடவை கேட்டுவிட வேண்டும் என்பது அண்ணனுக்குத் தீராத ஆசை. பாய் சொல்ல மாட்டார். "பெட்டி இல்லையே அண்ணே" என்பார். அத்தோடு சரி.

போன மாதம் அண்ணனுக்கு ரோஷம் வந்துவிட்டது.

"நான் தெரியாமத்தான் கேக்கேன் பாய். விலை கப்பலுக்கா, அட்டைப்பெட்டிக்கா? பெட்டி இருந்தா மூணு மடங்குங்கிய. வாங்குறவன் பெட்டியை வச்சா விளையாடப் போறான்?"

அன்றைக்குக் கோவில்பட்டியிலிருந்து ஒருவர் பெட்டியோடு ஒரு பொம்மை ரயில் கொண்டு வந்திருந்தார். பெட்டி பளிச்சென்று இருந்தது, மூடியில் அதே ரயிலின் படம். பாய் ரயிலை எடுத்து வெளியே வைத்தார். மூடியைப் பார்க்கவே இல்லை. காலிப் பெட்டிக்குள் டார்ச் அடித்து அண்ணனைக் கூப்பிட்டார்.

"உள்ள என்ன தெரியுது?"

"ஒண்ணும் தெரியலை."

"அதான். நாப்பது வருசம் இந்த ரயிலு இதுக்குள்ள கிடந்திருந்தா அடியில சக்கரம் பதிஞ்சிருக்கும், துரு இறங்கியிருக்கும். இது எங்கேயோ தனியா வாங்கின பெட்டி."

ரயில்காரர் முகம் செத்துவிட்டது. ரயிலைக் கட்டிக்கொண்டு போனார்.

"பெயின்ட் அடிச்சா சாமான் புதுசாயிரும் அண்ணே," என்றார் பாய். "உள்தடத்துக்கு யாரு பெயின்ட் அடிக்க? அதுக்குத்தான் அந்த விலை."

அண்ணன் பலமாகத் தலையை ஆட்டினார். புரிந்துவிட்டது என்றுதான் நானும் நினைத்தேன்.

போன செவ்வாய்க்கிழமை, வெயில் மண்டையைப் பிளக்கிற நேரத்தில் அண்ணன் ஒரு கையில் கப்பலும் ஒரு கையில் பெட்டியுமாக வந்து நின்றார்.

"பாய், பெட்டி கிடைச்சிட்டு."

எட்டு வருஷமாகக் காத்திருந்த சேதி. ஆனால் சொன்ன முகத்தில் சந்தோஷம் இல்லை. சவரம் செய்து மூன்று நாள் ஆகியிருக்கும். சட்டையில் பொத்தான் மாறி மாட்டியிருந்தது.

"சென்னைப் பார்ட்டி மூணு மணிக்கு வாரார். பெட்டி ஒரிஜினல்னு நீங்க சொல்லிட்டா போதும், கேட்ட விலை தாரேன்னுட்டார். சீக்கிரம் பார்த்துச் சொல்லுங்க. எனக்கு அலுத்துப் போச்சு பாய். வித்துட்டு மணப்பாட்டுக்கு பஸ் ஏறணும்."

"மணப்பாட்டுல என்ன?"

"செசிலி அவ அண்ணன் வீட்டுக்குப் போயிட்டா. ஞாயித்துக்கிழமை போனவ. போன் அடிச்சா எடுக்க மாட்டேங்கா."

நாற்பது வருஷக் குடித்தனத்தில் செசிலி மதினி கோபித்துக்கொண்டு போனதாக நான் கேள்விப்பட்டதே இல்லை. அண்ணன் கடலில் கிடந்த காலமெல்லாம் தனியாக இரண்டு பிள்ளைகளை வளர்த்துக் கட்டிக்கொடுத்த மனுஷி. பாய் கையிலிருந்த டீயைக் கீழே வைத்தார்.

"சண்டையா?"

"சண்டை போட்டிருந்தா நல்லா இருந்திருக்குமே. அவ பூசைக்குப் போயிருந்தா. நான் ரேஷன் கார்டைத் தேடி பீரோ மேல்தட்டைக் குடைஞ்சேன். சேலைக்கு அடியில இந்தப் பெட்டி! பழைய பேப்பர்காரன் கொண்டு போயிட்டான்னு நான் இத்தனை வருசமா நினைச்சிட்டு இருக்கேன்."

"காலிப் பெட்டியா?"

"இல்ல, கடுதாசி. நான் கப்பல்ல இருந்து அவளுக்குப் போட்டது. கட்டுக் கட்டா நூல் சுத்தி அடுக்கியிருந்தா. நான் என்ன தூரவா எறிஞ்சேன்? என்னன்னு பார்க்க நூலைப் பிரிச்சேன், பிறகு பத்திரமா ஒரு கட்டைப்பையில கொட்டி வச்சேன். பூசை முடிஞ்சு வந்தா. பையைப் பார்த்தா, பெட்டியைப் பார்த்தா. ஒரு வார்த்தை பேசலை. மாத்துச் சேலைகூட எடுக்காம அந்தப் பையை மட்டும் தூக்கிட்டுப் போயிட்டா."

எனக்கு வந்த ஆத்திரத்தில் கையிலிருந்த ஸ்குரூ நழுவி எங்கேயோ உருண்டுவிட்டது. தேடவில்லை.

"ஒரு அட்டைப்பெட்டிக்கா பாய் இவ்வளவு கோவம்? வேற டப்பா தாரேன், பிஸ்கட்டு டப்பா, தகரம், பூச்சி அரிக்காதுன்னு தெருமுனை வரைக்கும் பின்னாலயே போய்ச் சொன்னேன்."

அடப்பாவி மனுஷா.

"மச்சான்கிட்ட பேசினேன். தின்னவும் மாட்டேங்காளாம். கடுதாசியைத் தரையில பரப்பி வச்சு முழிச்சிட்டு இருக்காளாம், எது முன்னால வந்தது, எது பின்னால வந்ததுன்னு தெரியலையாம். நான் தேதி போடுறதில்லை. கவரெல்லாம் ஸ்டாம்புக்காக நானே அப்பவே வெட்டி எடுத்தாச்சு. அவ அடுக்கி வச்ச வரிசைதான் இருந்திச்சு, அதை நான்…" அண்ணன் கையை விரித்தார். "வரிசை எதுக்கு பாய்? எல்லாத்துலயும் நான் சுகம், நீ சுகமா, பணம் அனுப்பியிருக்கேன்னுதான் எழுதியிருப்பேன். அதைப் போய் யாரு எடுத்து வாசிக்கப் போறா?"

பாய் ஒரு பெருமூச்சு விட்டார். அவருக்குச் சர்க்கரை உண்டு. மத்தியானம் ஆனால் முகம் வாடிவிடும். அன்றைக்குக் கூடுதலாக வாடியிருந்தது. பெட்டியை இழுத்தார், மூடியைக் கழற்றி ஓரமாக வைத்தார். உள்ளே டார்ச் அடித்து, அடி அட்டையில் விரலை ஓட்டி, மூலையில் கொஞ்ச நேரம் நிறுத்தினார்.

"இது இந்தக் கப்பலோட பெட்டி இல்லை அண்ணே."

அண்ணன் எழுந்தே விட்டார். "என்ன பாய் விளையாடுதியளா? ஹாம்பர்க்குல என் கையால வாங்கினது! மூடியில படத்தைப் பாருங்க, நம்பரைப் பாருங்க!"

பாய் டார்ச்சை அண்ணன் கையில் கொடுத்தார்.

அண்ணன் குனிந்து பார்த்தார். நானும் எட்டிப் பார்த்தேன். கப்பலின் அடிப்பாகம் பதிந்த தடம் இல்லை, ஒரு பொட்டுத் துரு இல்லை. கடுதாசிக் கட்டுகள் பக்கம் பக்கமாக உட்கார்ந்திருந்த சதுரங்கள் மட்டும் வரிசையாகத் தெரிந்தன. இரண்டு மூன்று இடத்தில் நீல மை ஊறியிருந்தது. பாச்சா உருண்டை வாசம் அடித்தது. வலது மூலையில் மட்டும் அட்டை தேய்ந்து பஞ்சு பஞ்சாக நின்றது. அடிக்கடி விரலை விட்டு ஒரு கட்டை எடுத்து, திரும்ப வைத்தால்தான் அட்டை அப்படித் தேயும். வேறு எதற்கும் தேயாது.

"கப்பல் எத்தனை நாள் இதுக்குள்ள இருந்திச்சு?" என்றார் பாய்.

"வீடு வந்து சேர… ஒரு மாசம் இருக்கும்."

"கடுதாசி?"

அண்ணன் டார்ச்சை அணைக்கவில்லை. தேய்ந்த மூலையில் தன் விரலை வைத்துப் பார்த்தார். அவர் விரல் தடிமன், அது அங்கே பொருந்தவில்லை.

"சென்னைப் பார்ட்டிக்கு என்ன சொல்ல?" என்று கேட்டார். குரல் இறங்கிவிட்டது.

"கப்பலுக்குப் பெட்டி இல்லைன்னு நான் சொல்லிக்கிடுதேன். நீங்க கிளம்புங்க."

அண்ணன் தோள் துண்டை எடுத்து உதறி, பெட்டியைச் சுற்றிக் கட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். கப்பல் மேஜையிலேயே கிடந்தது. அதை அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வாசல்படி இறங்கியவர் நின்றார்.

"பாய், எந்தத் துறைமுகத்துக்குப் பிறகு எந்தத் துறைமுகம்னு எனக்கு ஞாபகம் இருக்கு. கூடவே உக்காந்து ஒண்ணொண்ணா வாசிச்சா வரிசை பிடிச்சிரலாம். பழையபடி அடுக்கி, அதே நூலைச் சுத்தி வச்சிட்டா, பிரிச்சது தெரியாதுல்லா?"

பாய் ஆறிப்போன டீயை எடுத்தார்.

"எனக்கே தெரியும். மதினிக்குத் தெரியாதா?"

"தெரிஞ்சா?"

"நானா இருந்தா, பிரிச்சு அடுக்கின சாமானுக்கு விலையைக் குறைப்பேன். மதினி குறைக்க மாட்டாவன்னு உங்களுக்கு ஒரு தைரியம். அந்தத் தைரியத்துலதான அண்ணே நீங்க பிரிச்சிய."