தனக்காகவே காத்திருந்த கரடி

ஒரு காட்டில் அணையின் மதகைக் கணினிதான் திறந்து மூடியது, பிள்ளைகளே. கணினி சொல்வதை மதகுக்குப் புரியவைக்கும் டிரைவர் என்ற நிரலைக் கரடி எழுதியிருந்தது. அது கெர்னலுக்குள், அதாவது கணினியின் அடிவயிற்றில், ஓடியது. அங்கே எழுதும் தகுதி தனக்கு மட்டுமே உண்டு என்று கரடிக்கு நினைப்பு.

மதகைத் திறக்குமுன் டிரைவர் பார்க்க வேண்டிய நீர்மட்டக் கணக்கு ஒரு கோப்பில் இருந்தது. இருவர் ஒரே நேரத்தில் கைவைத்து அதைக் குழப்பாமலிருக்க, கரடி ஒரு பூட்டு வைத்தது. பூட்டைப் பெற்றவர் கோப்பைத் திறக்கலாம். வேலை முடிந்ததும் பூட்டை விட்டுவிட வேண்டும். அதுவரை மற்றவர் காத்திருக்க வேண்டும். நல்ல ஏற்பாடுதான்.

கோடையில் ஒரு நாள் மதகு திறக்கவில்லை. கீழே குட்டை வற்றிக்கொண்டிருந்தது. அதில் ஒரு விரால் மீன் தன் குஞ்சுகளோடு கிடந்தது. ஆமை மேடேறி வந்து, விராலின் முதுகு வெயிலில் காய்கிறது என்று சொன்னது.

கரடி திரையைப் பார்த்தது.

"என் டிரைவர் பூட்டுக்காகக் காத்திருக்கிறது. எந்தத் திருட்டுப்பயலோ அதை வாங்கி வைத்துக்கொண்டு விடமாட்டேன் என்கிறான்."

முதலில் குரங்கைச் சந்தேகப்பட்டு விரட்டியது. பிறகு நீர்மட்டம் அளக்கும் அணிலை வேலையை நிறுத்தச் சொன்னது. பூட்டு கிடைக்கவில்லை.

நரிக்கும் நிரல் எழுதத் தெரியும். அது வந்து படித்துப் பார்த்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது.

"கரடியாரே, பூட்டை வாங்கியதே உங்கள் டிரைவர்தான். வாங்கிக் கோப்பைத் திறந்தது, சரி. பூட்டை விடுவதற்குள் தன்னுடைய இன்னொரு பகுதியைக் கூப்பிட்டிருக்கிறது. அதுவும் அதே பூட்டைக் கேட்கிறது. உள்ளே இருப்பதும் நீங்கள், வாசலில் நிற்பதும் நீங்கள்."

கரடி வெகுநேரம் யோசித்தது.

"என்னிடம்தானே இருக்கிறது? அப்படியென்றால் கவலையில்லை. நான் ஒழுங்கானவன். வேலை முடிந்ததும் விட்டுவிடுவேன்."

"வேலை எப்போது முடியும்?" என்று ஆமை கேட்டது.

"பூட்டு கிடைத்ததும்."

இதைக் காடு முழுக்கச் சொல்லிச் சிரிக்க நரி ஓடியது. பிழையைத் திருத்த அதற்கு ஏது நேரம்?

ஆமை யானையிடம் போனது. யானை வந்து மதகுப் பலகையைத் தும்பிக்கையால் தூக்கியது. தண்ணீர் குட்டைக்குப் போய்ச் சேர்ந்தபோது விராலுக்கு உயிர் இருந்தது. குஞ்சுகளில் முக்கால்வாசியைக் கொக்கு தின்று முடித்திருந்தது.

ஆமை திரும்பி வந்து அதைக் கரடியிடம் சொன்னது. கரடி திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"கொஞ்சம் பொறு. இதோ, இப்போது விட்டுவிடுவேன்."

நீதி: வழியை மறித்து நிற்பது தானே என்று தெரிந்தும் விலகாதவனின் ஒழுங்கு, பிறருக்குக் கேடு.