நாலாவது தட்டு

கதையைச் சொல்வதுதான் என் வேலை. தீர்ப்பை நீங்கள் சொல்லிக்கொள்ளுங்கள்.

தூத்துக்குடியில், படகு இன்ஜின் பழுதுபார்க்கும் ஒரு ஷெட்டின் பின்கட்டில் ‘உப்புக்காத்து’ என்றொரு ராக் இசைக்குழு பிறந்தது. டார்வின் பாடுவான், பரிதிக்கு கிட்டார், மெல்கியூருக்கு டிரம்ஸ். மாதா கோயில் திருவிழா மேடையில் இரண்டு பக்திப் பாட்டுகளுக்கு நடுவே ‘அலைக்கு லீவு’ என்று தங்கள் சொந்தப் பாட்டை நுழைத்தார்கள். சாமியார் முகம் சுளித்தார். கூட்டமோ திரும்பவும் பாடச் சொன்னது. அப்புறம் கல்லூரி விழாக்கள், மதுரை, திருச்சி என்று மளமளவென ஏறினார்கள்.

பேர் வந்தால் பிரிவும் வருமே என்று பயந்து மூவரும் ஒரு சத்தியம் செய்துகொண்டார்கள். முதலில் விலகுகிறவன் ‘அலைக்கு லீவு’ பாட்டை அப்புறம் எந்த மேடையிலும் வாசிக்கக் கூடாது. பாட்டு மற்ற இருவருக்கே.

பாட்டைத் தொடங்கிவைப்பவன் மெல்கி. குச்சிகளை நாலு முறை தட்டுவான். நாலாவது தட்டில் எல்லோரும் சேர வேண்டும். கம்பியைப் பார்த்து வாசித்தால் பரிதி அரைத் தட்டு முந்திவிடுவான். மெல்கியின் கையைப் பார்த்தானோ, இம்மியும் பிசகாது. “கம்பியில மீனா மாட்டியிருக்கு? என் கையைப் பாருல” என்று மெல்கி திட்டாத ஒத்திகை கிடையாது.

ஆறாம் வருஷம் மெல்கியின் இடது காதுக்குள் சில்வண்டு குடியேறியதுபோல் ஓயாத இரைச்சல். இனியும் டிரம்ஸ் அடித்தால் காதே போய்விடும் என்று டாக்டர் எச்சரித்தார். விலகினால் பாட்டு போய்விடும். பழைய டீசல் டின்னில் தட்டித் தட்டி அவன் கண்டுபிடித்த தாளம் அது. யாரிடமும் மூச்சு விடாமல் அடித்துக்கொண்டே இருந்தான். தாளம் தப்பத் தொடங்கியது.

ஒருநாள் அவனுடைய இடப்பக்கம் நின்று பரிதி ஒரு ஜோக் சொன்னான். டார்வின் விழுந்து விழுந்து சிரித்தான். மெல்கி திரும்பக்கூட இல்லை. மறுநாள் பரிதி தன் ஸ்பீக்கர் பெட்டியைச் சுவரைப் பார்க்கத் திருப்பி வைத்தான். ஏன் என்று டார்வின் எரிந்து விழுந்ததற்கு, சத்தம் சுவரில் பட்டு வந்தால்தான் பதமாக இருக்கும் என்று சமாளித்தான்.

கடைசியில் ஒரு ஒத்திகையில் மூன்று முறை தாளம் கவிழ்ந்தது. டார்வின் மைக்கைக் கீழே வைத்தான்.

“நம்மள்ல ஒருத்தனுக்கு இதுல மனசு இல்ல. போறவன் இப்பவே சொல்லிரு. மெல்கி, பாட்டுக்குத் தட்டுற மாதிரியே தட்டுல. நாலாவதுல சொல்லட்டும்.”

இன்றே சொல்லிவிடுவது என்று மெல்கி தீர்மானித்தான். நிமிர்ந்தபோது பரிதி அவன் கையையே பார்த்துக்கொண்டிருந்தான். ஒன்று. இரண்டு. மூன்று. மெல்கி வாயைத் திறந்தான்.

“நான் போறேன்.”

நாலாவது தட்டு விழுவதற்கு அரைத் தட்டு முந்தி அதைச் சொன்னவன் பரிதி.

“ரெண்டு பேரை வச்சு என்ன பண்ண? கடையைச் சாத்துவோம்” என்றான் டார்வின். மெல்கி குச்சிகளைக் கீழே வைத்தான். இனி அவன் டிரம்ஸ் அடிக்க வேண்டியதில்லை.

இப்போது சொல்லுங்கள். பரிதி பழக்கதோஷத்தில் முந்தினானா, தெரிந்தே முந்தினானா? சத்தியப்படி பாட்டு யாருக்கு?

விடை: தெரிந்தேதான். கையைப் பார்த்தால் பிசகாதவன், அன்று கையைப் பார்த்துக்கொண்டே பிசகினான். சத்தியப்படி பாட்டு மற்ற இருவருக்கே. அன்று வீட்டுக்குப் போகும் வழியிலேயே மெல்கி டார்வினிடம் காது விஷயத்தைச் சொல்லி அழுதான், டார்வின் தலையிலடித்துக்கொண்டான். அடுத்த திருவிழாவில், பெரிய ஸ்பீக்கர் எதுவும் இல்லாமல், டார்வின் மெல்லப் பாட, மெல்கி டீசல் டின்னில் விரலால் தட்டினான். பரிதி முன்வரிசையில் உட்கார்ந்திருந்தான். வாசிக்கத்தான் அவனுக்குத் தடை, கைதட்ட இல்லையே. மெல்கியின் கையைப் பார்த்துக்கொண்டே தட்டினான், அரைத் தட்டு முந்தி.